மிளகாவுக்குப் புது ஆள்

"அக்கா, அது முன்பக்கம் இல்லே, பின்பக்கம்! பாப்பாவுக்கு வால் இருந்தாத்தான் அப்படி மாட்ட முடியும்."

அந்தப் பெண் அவசரமாகத் துணி டயப்பரைத் திருப்பினாள். மேசைமேல் கிடந்த ஆறு மாதக் குழந்தை அதற்குள் குப்புறப் புரண்டு விளிம்புக்கே வந்துவிட்டது.

"கையை எடுக்காதீங்க! ஒரு கை எப்பவும் பாப்பா மேலதான் இருக்கணும்."

அதட்டியது குழந்தைகள் இல்லத்தின் ஆயா. ஆயா என்றதும் நரைத்த தலையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வயது இருபத்துமூன்று. பதினோரு குழந்தைகளை மேய்க்கிற குரலுக்கு மட்டும் ஐம்பது தாண்டியிருந்தது. காலையில் வாசலில் தயங்கி நின்ற அந்த நாற்பது வயதுப் பெண்ணைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா? புது ஆள் வருவாங்கன்னு சொன்னாங்க. கையைக் கழுவிட்டு இதைக் கட்டிக்குங்க" என்று ஓர் ஏப்ரனை நீட்டியிருந்தாள். வந்தவளும் மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டாள்.

"இவ பேரு மிளகா. நான் வெச்ச பேரு. பசி வந்தா தெருமுனை வரைக்கும் காரம் தெரியும். போட்டுத் தூக்கி எறியற கடை டயப்பர் இவளுக்கு ஒத்துக்கலே. தொடையெல்லாம் செவந்துபோச்சு. போன மாசம்தான் துணிக்கு மாறினோம். முதல் வாரம் நானே திருதிருன்னு முழிச்சேன். புதுத் துணி ஈரத்தை உறிஞ்சவே மாட்டேன்னுது. போடறதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவை துவைச்சுக் காயப்போடணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"நாலஞ்சு தடவையா?" அந்தப் பெண் ஒரு சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

"நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் இவ காத்துக்கிட்டு இருப்பாளா? கைக்கு வரணும்க்கா. இந்தாங்க, மறுபடி போடுங்க. உள்ளே இருக்கிற மடிப்புத் துணி ஈரத்தைப் பிடிச்சுக்கும். வெளியில நீர் கசியாத உறை. தொடை மடிப்புல ரப்பர் சரியா உட்காரணும். இல்லேன்னா உங்க மடிதான் டயப்பர்."

அந்தப் பெண் கவனமாக மாட்டினாள். மிளகா வீல் என்று கத்தினாள்.

"என்னக்கா இப்படி இறுக்கறீங்க! வயித்துக்கிட்ட ரெண்டு விரல் நுழையணும். இதுக்கு முன்னாடி எங்க வேலை?"

"பாலம் கட்டற இடத்துல."

"அதானே பார்த்தேன். கம்பி கட்டற மாதிரியே கட்டறீங்க."

அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பட்டனைத் தளர்த்தினாள். அது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்த ஐந்தாவது நிமிடம் ஏப்ரன் வெதுவெதுப்பாக நனைந்தது.

"ஆசீர்வாதம் பண்ணிட்டா. போய் மாத்திட்டு வாங்க" என்றாள் ஆயா. "இந்த வேலைக்கு லீவே கிடையாது, தெரியும்ல? நமக்குக் காய்ச்சல்னாலும் துணியை அலசித்தான் ஆகணும்."

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

"முதல் நாள் எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. போன தடவை வந்தவங்க டீ குடிச்சிட்டு வர்றேன்னு போனாங்க. இன்னும் குடிச்சிக்கிட்டே இருக்காங்க."

ஆனால் இவள் மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மூக்கைச் சுளிக்காமல் துணிகளை அலசினாள், வெயில் விழுகிற கொடியாகப் பார்த்துக் காயப்போட்டாள். நான்காம் நாள், மிளகா புரள்வதற்குள் டயப்பரை மாட்டி முடித்துவிட்டாள். விரல் விட்டுப் பார்த்தாள். சரியாக இரண்டு விரல். மிளகா அவள் மூக்கைப் பிடித்து இழுத்துக் கெக்கெக்கென்று சிரித்தாள்.

ஆயாதான் அன்று சிரிக்கவில்லை. துணிகளை மடித்தபடி, "இவளைத் தத்து எடுக்கறவங்க இன்னிக்கு வர்றாங்களாம்க்கா" என்றாள். "யாரோ பெரிய வேலையில இருக்கறவங்களாம். எனக்கு இவளை அனுப்பவே மனசில்லே."

"ஏன்?"

"காதைத் தடவிவிட்டாத்தான் தூங்குவான்னு அவங்களுக்குத் தெரியுமா? மறுபடி அந்தக் கடை டயப்பரையே மாட்டிவிட்டா என்ன பண்றது? நான் சொன்னா கேப்பாங்களா? தலையை ஆட்டிட்டுக் கார்ல ஏறிடுவாங்க."

"கேப்பாங்க. கவலைப்படாதே" என்றாள் அந்தப் பெண்.

கதவைத் திறந்துகொண்டு இல்லத்தின் மேலாளர் வந்தார். கையில் ஒரு ஃபைல். ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்திக்கொண்டாள்.

"சார், இவங்களை விட்டுடாதீங்க சார். வந்த அன்னிக்கு ரொம்பத் தடுமாறினாங்க. இப்போ கை தேறிடுச்சு. நிரந்தரமாவே வெச்சுக்கலாம். நான் கேரண்டி."

மேலாளர் விழித்தார். "யாரைச் சொல்றேம்மா? புது ஆள் அடுத்த வாரம்தானே வர்றாங்க?"

பிறகு ஃபைலை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"இன்ஜினியர் மேடம், கோர்ட் உத்தரவு வந்தாச்சு. நாலு நாள் நல்லாப் பழகிட்டீங்க, இனிமே உங்க பொண்ணை நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

மடித்த துணியெல்லாம் ஆயாவின் கையிலிருந்து நழுவிச் சரிந்தது.

"அய்யோ மேடம்! என்னென்ன திட்டு திட்டினேன்! யாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நாற்காலி போட்டு உட்கார வெச்சிருப்பே" என்றாள் மிளகாவின் அம்மா. "என்னை அம்மா ஆக்கியிருக்க மாட்டியே!"