மசூரெக் வரைந்த சுவரொட்டி

"ஆரடா இதைக் கீறினது?"

சுவரொட்டியைக் காட்டி இராசலிங்கம் போட்ட சத்தத்தில் திரையரங்கின் முன்கூடமே அடங்கிப்போனது. முதல் காட்சிக்கு வந்திருந்த சனம் வடையும் தேநீருமாக அப்படியே நின்றது.

"என்ர கதை. நான் நடிச்ச படம். என்ர முகம் எங்கை?"

இயக்குநர் கஜரூபனுக்குக் காது சுட்டது. இராசலிங்கம், ஜெர்மனியின் டோர்ட்மண்டில் தமிழருக்கு நல்லது கெட்டது என்றால் முன்னுக்கு நிற்கிற மனிதர். அவரை எதிர்த்துப் பேசி யாருக்கும் பழக்கமில்லை.

"அண்ணை, போலந்துக்காரர் நடிகரின்ர முகத்தைப் போடமாட்டினம். படம் பாத்து மனசில நிண்டதைத்தான் கீறுவினம்."

"அப்ப அவனுக்கு என்ன மண்ணாங்கட்டி மனசில நிண்டது?"

கறுப்புப் பின்னணியில் முதுகு காட்டி நிற்கும் ஒரு சிறுமி. அவளுடைய ஒற்றைப் பின்னல் நீண்டு போய், தாளின் ஓரத்தில் ஓர் ஆணின் பொத்திய கையில் சுற்றியிருந்தது. வேறொன்றுமில்லை. படத்தின் பெயர்கூட அச்செழுத்தில் இல்லை, தூரிகையால் எழுதியது.

பழைய போலந்துச் சினிமாச் சுவரொட்டிகளில் கஜரூபனுக்குப் பைத்தியம். அங்கே வார்சா நகரில் இன்றும் அப்படி வரைகிற ஒருவரை இணையத்தில் தேடிப் பிடித்தான். டி. மசூரெக். படத்தை அனுப்பிய பிறகு நெடுநாள் பதிலே இல்லை. பிறகு ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வரி வந்தது: வரைகிறேன், ஆனால் யாரும் கை வைக்கக் கூடாது.

சுவரொட்டி வந்து சுருளைப் பிரித்த அன்று, ஒரு வெள்ளைக்காரர் தமிழ் எழுத்தை இப்படி அசலாகப் பார்த்து எழுதியிருக்கிறாரே என்று அவன் அதிசயப்பட்டான்.

படம், தாயில்லாத மகளைத் தகப்பன் தனியாக வளர்க்கும் கதை. அவர் மகளுக்குத் தலை பின்னிவிடும் காட்சியில் கண் கலங்காதவர்கள் இல்லை. இராசலிங்கம் வாழ்ந்த வாழ்க்கைதான் அது என்று ஊருக்கே தெரியும். மகள் இப்போது லண்டனில் பெரிய வேலையில் இருக்கிறாள் என்று அவர்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

"கழட்டடா அதை. என்னை என்ன பேய் பிசாசு எண்டோ நினைச்சவன்?"

கஜரூபன் சுவர்ப் பக்கம் திரும்பினான். மேல் மூலையின் ஒட்டுநாடாவை உரித்தான். தாள் மடங்கித் தொங்கியது.

"அவன் இல்லை. நான்தான் கீறினனான், அப்பா. மசூரெக் என்ர மனுசன்ர பேர்."

வாசலில் ஒரு பெண் நின்றாள். தோளில் பயணப்பை. ஆண்பிள்ளையைப் போல ஒட்ட வெட்டிய தலை.

இராசலிங்கம் ஓரடி பின்னுக்குப் போனார்.

கூட்டத்துக்குள்ளிருந்து நேசமலர் அக்கா முண்டியடித்து வந்தார். படத்தை முன்கூட்டிப் போட்டுக் காட்டியபோது எல்லோரையும்விட அதிகம் அழுதவர் அவர்தான்.

"தக்சாயினியோ! அப்பாவின்ர செல்லம்!" என்று ஆசையாக அவளுடைய தலையைத் தடவக் கையைத் தூக்கினார்.

பை தரையில் விழுந்தது. அவள் சுவரோடு ஒடுங்கி, இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டாள்.

நேசமலர் அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. அவர் மெதுவாகத் திரும்பி இராசலிங்கத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தக் கை மகளை விட மனமில்லாமல் பிடித்திருக்கிறது என்றுதான் கஜரூபன் இவ்வளவு நாளும் தனக்குத்தானே விளக்கம் சொல்லி வந்தான்.

"கழட்டெண்டெல்லே சொன்னனான்," என்றார் இராசலிங்கம், பல்லைக் கடித்துக்கொண்டு.

கஜரூபன் மடங்கிய மூலையை நிமிர்த்தி, ஒட்டுநாடாவைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.