தாடையில் ஆறாத புண்

"மறுபடி களிம்பா?" மனைவி டியூபைப் பிடுங்கி எறிந்தாள். "மாசக்கணக்கா தாடையில சீழ் வடியுது. சவரக் காயம்னு யார் காதுல பூ சுத்துறீங்க?"

"வலிக்கவே இல்லையே."

"தோல் டாக்டர் என்ன சொன்னார்? பல் வேர் அழுகி, சீழ் எலும்பைத் துளைச்சு, வாய்க்குள்ள இருந்து தோலுக்கு வழி போட்டிருச்சாம். பல்லை விட்டுட்டு மேல பூசினா எப்படி ஆறும்?"

"ஊசின்னாலே எனக்கு உதறுதே."

"சொல்ல வெட்கமா இல்ல உங்களுக்கு?"

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "டாக்டர், பல் பிடுங்கிக்க வந்த பேஷண்ட் ஊசிக்குப் பயந்து நாற்காலியில உட்கார மாட்டேங்கிறார்."

கணவர் தன் வெள்ளைக் கோட்டை மாட்டி, தாடைப் புண் மறைய மாஸ்க்கை இழுத்துவிட்டார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொல்லும்மா."

"அதை முதல்ல கண்ணாடியைப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள் மனைவி.