ஐந்தாவது கேள்வி

வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் பன்னிரண்டு நர்ஸுகளில் ஜெபகனியும் ஒருத்தி. தங்கதுரை சார் அன்று வாசிக்கக் கொடுத்த தாளில் பதினோராம் படுக்கை நோயாளி ஒருத்தி வந்தாள். ஊசி போட்டதும் கை எரிகிறது என்கிறாள். நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டு, "உறங்குனா சரியாயிரும்" என்று போய்விடுகிறாள். மதியத்துக்குள் உயிர் போகிறது.

ஜெபகனி 'உறங்குனா' என்ற வரியை மறுபடி படித்தாள். தன் ஆஸ்பத்திரியில் அதே வார்த்தையை அவளே சொன்னபோது அறையில் அந்த அம்மாளைத் தவிர யாருமில்லை.

ஐந்தாவது கேள்வி: நர்ஸ் ஏன் டாக்டரைக் கூப்பிடவில்லை? மறதி, வேலைப்பளு, டாக்டர் திட்டுவார் என்ற பயம், அலட்சியம்.

ஏறக்குறைய எல்லோரும் வேலைப்பளு என்று குறித்திருந்தார்கள். "நமக்கு மூச்சுவிட ஏது நேரம்? சரிதானே சார்?" என்றாள் முன்வரிசைக்காரி.

"தெரியல சிஸ்டர். எங்கம்மா கடைசியா போன்ல சொன்னத வச்சு நானே எழுதுனது. ஒவ்வொரு பேட்ச்லயும் கேட்டுப் பாக்கேன்."

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தாளாகப் பார்த்து வந்தவர், ஜெபகனியின் மேசையருகே நின்றார். அவள் எதையும் குறிக்கவில்லை. பயம் என்ற சொல்லின் மேல் பென்சில் முனை மட்டும் ஒடிந்து கிடந்தது.