சந்தேக சார்

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம்!"

கம்ப்யூட்டர் லேபே கொல்லென்று சிரித்தது. பயிற்சி கொடுக்க வந்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள். கை தூக்கியது மாணவர் இல்லை. தலை நரைத்த கணிதப் பேராசிரியர்.

"சொல்லுங்க சார்."

"நீங்க சொன்னபடியே கணக்கை எழுதிட்டேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே உக்காந்திருக்கு. விடையே வரல."

"வெறும் என்டர் தட்டினா அடுத்த வரிக்குத்தான் போகும் சார். ஷிப்ட்டையும் சேர்த்து அமுக்குங்க."

"அட, இவ்வளவுதானா!"

சிரிப்புக்கு நடுவே லேப் எங்கும் படபடவென்று விசைச் சத்தம். திரைகளில் விடைகள் வந்து விழுந்தன.

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கெங்கோ இருப்பவர்கள் சும்மா கிடைக்கும் நேரத்தில் சேர்ந்து எழுதிய கணித மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திறந்து திருத்தலாம். அதில் அவள் எழுதிய வரிகளும் உண்டு. மதியம் பிரின்சிபால் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டால், அடுத்த வருஷம் இந்தக் கல்லூரியின் செய்முறை வகுப்பெல்லாம் இதில்தான்.

"மேடம்!" பேராசிரியர் இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "2xனு போட்டா சிவப்பு எழுத்துல திட்டுது!"

"நடுவுல நட்சத்திரக் குறி போடணும் சார். பெருக்கல் குறியை நாம காகிதத்துல முழுங்கிடலாம், அதுக்கு முழுங்கத் தெரியாது."

மறுபடி சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் வேறொரு மூலையிலிருந்து அதே குரல்.

"சைன் தொண்ணூறு ஒண்ணுதானே? இது 0.89ங்குது. மென்பொருளே தப்போ?"

அவளுக்குச் சுருக்கென்றது. "தப்பில்ல சார். அது டிகிரியில பார்க்காது, ரேடியன்லதான் பார்க்கும். தொண்ணூறைப் பை (π) மதிப்பால பெருக்கி, நூத்தியெண்பதால வகுத்துக் கொடுங்க."

"ஓஹோ!" என்று சின்னப் பிள்ளை போலச் சந்தோஷப்பட்டார்.

இடைவேளையில் லேப் பொறுப்பாளரம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள். "யாருங்க அவரு? கணக்குதான் படிச்சாரா?"

"டாக்டர் பட்டமே வாங்கினவரு. பசங்க வச்ச பேரு சந்தேக சார். எந்தப் பயிற்சிக்கு வந்தாலும் இப்படித்தான்."

"ரேடியன் தெரியாத டாக்டரா? இவர் வேணும்னே செய்றாரு. பழைய மென்பொருளை விட மனசில்ல, இதைக் கவுக்கப் பாக்குறாரு."

"டீ ஆறுது, குடிங்க" என்றார் பொறுப்பாளரம்மா.

மதியம் பிரின்சிபால் வந்தார். இரண்டே வரி எழுதினாள். திரையில் அலை மாதிரி ஒரு பரப்பு எழும்பி, வண்ண வண்ணமாகச் சுழன்றது. "ஹேய்!" என்று லேப் ஆர்ப்பரித்தது. "எனக்கு வந்துடுச்சு!" "எனக்கும்!" பிரின்சிபாலே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், எனக்குப் படமே வரல!"

பிரின்சிபாலின் புருவம் உயர்ந்தது. திரண்டு வந்த நேரத்தில் தாழி உடைந்தது போலிருந்தது அவளுக்கு.

"இருங்க சார், நானே வந்து பாக்குறேன்." பல்லைக் கடித்துக்கொண்டு விடுவிடுவென்று அவரிடம் போனாள்.

அவர் திரையில் அலை அழகாகச் சுழன்றுகொண்டிருந்தது. போதாததற்கு, அவள் சொல்லியே கொடுக்காத இன்னொரு பரப்பு அதை ஊடுருவி வெட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத்தான் வந்துடுச்சே சார்?" குரல் தானாகத் தணிந்தது.

அவர் கண்ணால் மட்டும் பக்கத்து இருக்கையைக் காட்டினார்.

அங்கே ஒரு பெண். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கையால் மறைத்துக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி கொடுக்க வந்தவள் குனிந்து அந்தத் திரையைப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, லேபுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"ஒண்ணுமில்ல. நம்ம சார் கடைசி அடைப்புக்குறியை மூட மறந்துட்டாரு!"

லேப் அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பேராசிரியர்தான். அந்தச் சிரிப்பின் மறைவில் அந்தப் பெண்ணின் விரல் ஒரு விசையைத் தேடித் தட்டியது. அலை எழும்பியது. அவள் முகத்திலும்தான்.

"அவருக்கே வந்துடுச்சுன்னா இனி யாருக்கும் வரும்!" என்று சிரித்தபடி எழுந்தார் பிரின்சிபால். "அடுத்த வருஷம் இதுவே இருக்கட்டும்."

எல்லோரும் கலைந்ததும் பயிற்சி கொடுத்தவள் பேராசிரியரிடம் ஓடினாள். "சார், காலையில கேட்டதெல்லாம்..."

"ஒண்ணுகூட என்னோடது இல்லம்மா. பக்கத்துல போய் உக்காந்தா யாருக்கு எங்க முட்டுதுன்னு தெரிஞ்சிடும். சிரிப்பாங்களேன்னு வாயைத் திறக்க மாட்டாங்க."

"அதுக்காக நீங்க..."

"விடை அவங்களுக்கு, சிரிப்பு எனக்கு. நல்ல பங்குதானே?"