நீலம் ஏறிய முனை

மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும். பொல்தாவா ஊரில் எங்கள் கத்திப் பட்டறையில் சாணைச் சக்கரம் சுற்றுகிறது. பொறிகள் ஜன்னல் வெயிலுக்குள் போய்க் காணாமல் போகின்றன. விடியலிலிருந்து நிற்கிற என் கால்கள் மரத்துவிட்டன. குளிரில் விரல் வெடித்திருப்பதால் கையுறை போட்டிருக்கிறேன். தம்பிக்குக் கத்தி வாங்க வந்த ஒரீசியா கதவோரம் காத்து நிற்கிறாள். அவன் மூன்றரை மணி பஸ்ஸில் போர்முனைக்குத் திரும்புகிறான். "உங்க கத்தின்னா அவனுக்கு உசுரு மாமா. விலையும் கம்மி, விறகும் பொளக்குது, டின்னும் தெறக்குது. பொண்ணு பாக்கப் போனா அங்கயும் அந்தக் கத்திப் பேச்சுதான்" என்கிறாள். சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அசதியில் கை கத்தியைச் சக்கரத்தில் அதிகமாக அழுத்திவிடுகிறது. அலகின் முனையில் கோதுமை மணியளவு நீலம் படர்கிறது. சூடேறி அந்த இடத்தில் எஃகு இளகிவிட்டது. இனி கூர் நிற்காது. பக்கத்துச் சக்கரத்து மிரோன் எட்டிப் பார்க்கிறான். "மை பூசிட்டீங்களே அண்ணே! பாலிஷ் போட்டா மறைஞ்சிடும். யாரு பாக்கப்போறா?" என்று காதில் சொல்கிறான். கரண்ட் போக இன்னும் இருபது நிமிடம். "முடிஞ்சுதா மாமா?" என்று ஒரீசியா பையைத் திறக்கிறாள். "இல்லம்மா. என் கையால கெட்டுப்போச்சு" என்கிறேன். அதைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறேன். அலகை நனைத்துக் குளிரவைக்கத் தண்ணீர் வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறேன். கையுறைகளைக் கழற்றி வைக்கிறேன். சூடு ஏறினால் இனி நீலம் படருமுன் என் விரல்தான் சுடும்.