கத்திரிப்பூ நிறம்

“அப்பா, அங்கனயே நில்லுங்க! வந்துட்டேன்!”

ஸ்ரீமதி ஓடி வருவதற்குள் அய்யாதுரை குளியலறை வாசலில் சரிந்துவிட்டார். வழுக்கவில்லை, தடுக்கவில்லை. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் துணியைப் போலத் துவண்டுவிட்டன. பத்து நாளில் இது மூன்றாவது முறை.

“அடி பட்டுச்சாப்பா?”

“அடி இல்ல. கால் எங்க இருக்குன்னுதான் தேடிக்கிட்டு இருக்கேன்” என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

தம்பியைப் பார்க்க அன்று மத்தியானம்தான் நாரணாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள் முத்துமாரியம்மாள். அக்காவும் மகளுமாக அவரைத் தூக்கி, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

“சுகர் எம்புட்டு இருக்கு?”

“நூத்தி நாப்பது. பிரஷரும் சரியாத்தான் இருக்கு. இருபது வருச சுகர்ல கிட்னி கெட்டுச்சு, இப்ப நரம்பும் போயிருச்சுன்னு நினைக்கேன் அத்தே. நாளைக்குக் காலைல மதுரையில நரம்பு டாக்டரப் பாக்கப் போறோம்.”

“அவரு சக்கர நாற்காலி வாங்கச் சொல்லுவாரு” என்றார் அய்யாதுரை. “நாப்பது வருசம் வெடிமருந்துக்கு நடுவுல நடந்த காலு. அங்க ஒருநாள் தடுக்கியிருந்தாலும் இந்நேரம் போட்டோவுலதான் இருந்திருப்பேன். வீட்டுக்குள்ள விழுறேன் பாரு.”

பட்டாசு கம்பெனியில் அவர் கலர் போர்மேனாக இருந்தவர். புதிய மூட்டை வந்தால் மேலே ஒட்டியிருக்கும் பெயரை நம்பமாட்டார். ஒரு சிட்டிகையைத் தனி அறையில் நெருப்பில் தூவி, எரியும் நிறத்தைப் பார்த்த பிறகுதான் லோடு இறக்கச் சொல்வார். சிவப்பு என்றால் ஸ்ட்ரான்சியம், பச்சை என்றால் பேரியம். திருவிழா வாணவேடிக்கையில் எல்லாரும் வாய் பிளந்து நிற்கும்போது அவர் மட்டும் மருந்தின் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

“நரம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. எவளோ கண்ணு வச்சிருக்கா. உப்பும் மொளகாயும் எடுத்தா” என்றாள் முத்துமாரியம்மாள்.

“உப்ப அடுப்புல போட்டா நரம்பு சரியாயிருமா அத்தே?”

“நாளைக்கு உன் டாக்டரு பாக்கட்டும். இன்னைக்கு நான் பாக்கேன்.”

“வீட்டுல கல்லுப்பு இல்லயே. டாக்டர் உப்பக் கொறைக்கச் சொல்லிட்டாரு. வாழப்பழம், இளநீர் கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாரு. சீட்டு அந்தா, பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. ஒரு மாசமா அப்பாவுக்கு ஆன்லைன்ல தனி உப்பு வாங்குறேன்.”

“உப்பே இல்லாத வீட்டுல மனுசன் எப்படி எந்திரிச்சு நடப்பான்?”

“இதுவும் உப்புதான் அத்தே. சோடியம் இல்லாத உப்பு. அவ்வளவாக் கரிக்காது, அதனால ஒரு கரண்டி கூடவே போடுவேன்.”

“ரசத்தச் சொல்லு. நேத்து மூணு டம்ளர் குடிச்சேன்” என்றார் அய்யாதுரை.

முத்துமாரியம்மாள் அந்த உப்புப் பாட்டிலைக் கவிழ்த்து ஒரு கை எடுத்தாள். இரண்டு வற்றலைச் சேர்த்து, தம்பியின் தலையை மூன்று முறை சுற்றினாள். “ஊரு கண்ணு, ஒறவு கண்ணு எல்லாம் கருகிப் போகட்டும். ஏலே, மூணு தடவ துப்பு.”

அறுபத்தொன்பது வயதுத் தம்பி பணிவாகத் துப்பினார். அவள் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கையிலிருந்ததைத் தீயில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. வற்றல் நெடியில் ஸ்ரீமதி இருமினாள்.

அய்யாதுரை இருமவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யக்கா, இன்னொரு கை போடு. வத்தல் வேண்டாம், வெறும் உப்பு.”

“ஒரு தடவதான்டா சுத்தணும்.”

“சுத்த வேண்டாம். போடு. ஸ்ரீ, லைட்ட அணை.”

அந்தி இருட்டில் உப்பு தீயில் விழுந்தது. நீலச் சுடருக்கு மேலே மெல்லிய கத்திரிப்பூ நிறம் எழுந்து, சுவரெல்லாம் பரவி, அடங்கியது. இவ்வளவு அழகான ஒன்று அந்த அடுப்பில் அதுவரை எரிந்ததில்லை.

“சோத்து உப்பு மஞ்சளாத்தான் எரியும்” என்றார் அய்யாதுரை. குரல் தாழ்ந்திருந்தது. “இது வெடியுப்பு எரியுற கலரு. அந்தப் பாட்டில்ல என்ன போட்டிருக்கு, படி.”

ஸ்ரீமதி விளக்கைப் போட்டு, பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“பொட்டாசியம் குளோரைடு...”

அவள் பார்வை தானாகவே பிரிட்ஜ் பக்கம் திரும்பியது. வாழைப்பழம், இளநீர் என்ற வரிக்குக் கீழே டாக்டர் சிவப்பு மையில் காரணமும் எழுதியிருந்தார்: ‘பொட்டாசியம் ஏறக் கூடாது.’

அரை மணி நேரத்தில் விருதுநகர் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊசி ஏறிக்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்த டாக்டர் ஸ்ரீமதியை வியப்போடு பார்த்தார்.

“பொட்டாசியம் ஏழத் தாண்டியிருக்கு. அதுதான் கால விழ வச்சிருக்கு. இன்னும் ரெண்டு வேள சாப்பிட்டிருந்தா இதயம் நின்னிருக்கும். ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே சரியாச் சொன்னீங்களே, எந்த டாக்டர் கண்டுபிடிச்சாரு?”

ஸ்ரீமதி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திருஷ்டி சுத்திப் போட்டாக சார்” என்றாள். “கண்ணு என்னோடதுதான்.”