தெளிஞ்சிரும்

“குழப்பம்னுதான சொன்னாவ. அது தெளிஞ்சிரும்ட்டி.”

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சுடலைக்கண்ணு சிரித்தான். பொன்செல்வி புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா உள்ளே இருவரையும் உட்காரவைத்துப் பத்து நிமிடம் மலையாளத்தில் பேசியிருந்தாள். ‘குஞ்ஞினு குழப்பமுண்டு’ என்றுதான் ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு முன்பு ஐந்து வருடம் இந்த ஊர் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள் பொன்செல்வி. குழப்பம் என்றால் இங்கே கேடு என்று அவளுக்குத் தெரியும்.

சுடலைக்கண்ணுவுக்கு அது எப்படித் தெரியும்? கம்பி கட்டும் வேலை. கூட நிற்பவர்கள் எல்லாரும் வள்ளியூர்ப் பக்கம். அவன் மலையாளம் பேசி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்று வாரம் முன்பு வயிற்றில் ஊசியிட்டு நீர் எடுத்தார்கள். இன்றைக்கு முடிவு வந்துவிட்டது. எல்லாருக்கும் இரண்டு இருக்க வேண்டிய ஒரு குரோமோசோம் பிள்ளைக்கு மூன்று இருக்கிறதாம். இதயத்தில் பெரிய ஓட்டையாம். பிறந்தாலும் சில மணி நேரம். மிஞ்சினால் சில நாள்.

இது பத்தொன்பதாவது வாரம். கலைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம், வியாழக்கிழமையே வந்துவிடுங்கள் என்றாள் டாக்டரம்மா.

சுடலைக்கண்ணு பழம்பொரியைப் பிய்த்து, ஊதி, அவள் கையில் வைத்தான்.

“இம்புட்டுப் படிச்சவியளுக்கே குழப்பம், பாத்தியா. நம்ம மேஸ்திரி பிளானைத் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு நிப்பாம்லா, அது மாதிரிதான்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் இறங்கி ஒரு தேங்காய் உடைத்துவிடலாம் என்றான். தேங்காய் நன்றாகச் சிதற எப்படி ஓங்க வேண்டும் என்று கையை ஓங்கிக் காட்டினான். நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிறவன். இன்றைக்கு நிறுத்தாமல் பேசினான்.

சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் சிரிக்கிற முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைக்கலாம். சாயா தீரும்வரை. பஸ் வரும்வரை.

வெள்ளை உடுப்பில் ஓடிவந்த நர்ஸ் மாணவி ஒருத்தி அவன் முழங்கையில் இடித்தாள். கொதிக்கிற சாயா அவன் கையில் கொட்டியது.

“அய்யோ சேட்டா, ஸாரி! பொள்ளியோ?”

“குழப்பமில்ல மோளே,” என்றான் அவன். “பொய்க்கோ.”

யோசிக்காமல் வந்தது. இந்த ஊரிலேயே பிறந்தவன் சொல்வது போல வந்தது.

அந்தப் பெண் போய்விட்டாள்.

அப்படியென்றால் உள்ளே சொன்னது ஒவ்வொன்றும் அவனுக்கும் விளங்கியிருக்கிறது.

அவன் கையைத் துடைக்கவில்லை. சிவந்துகொண்டிருந்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு பஸ்கள் வந்து போயின.

“நான் மருந்துச் சீட்டு வாங்கப் போனப்போ,” என்றான், “பிள்ளைய நம்ம கையில தருவாவளான்னு கேட்டியா?”

“கேட்டேன்.”

அவன் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான்.

“வியாழக்கிழமை வரும்போது ஒரு துணி கொண்டாரச் சொன்னாவ.” அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். “பிள்ளைய ஏந்துறதுக்குன்னு உங்க பழைய வேட்டி ஒண்ணு முன்னமே துவைச்சு வச்சிருக்கேன்.”



“அது இருக்கட்டும்ட்டி,” என்றான். “கோடித்துணி எடுப்போம்.”